ஆவி பிடிக்கிறவர்கள்

எர்ணாவூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மணலி. கடல் ராத்திரியில் தூங்கிவிடும். மணலி தூங்காது. சுத்திகரிப்பு ஆலையின் கோபுரங்களில் விடிய விடிய விளக்கு எரியும். வெளியூர் உறவுக்காரர்கள் முதல் தடவை பார்த்தால் "என்னப்பா, ஏதாவது திருவிழாவா?" என்று கேட்பார்கள். 1969-லிருந்து நடக்கிற திருவிழா என்று சொல்வேன்.

உள்ளே நடப்பது ஒன்றும் மந்திரமில்லை. கச்சா எண்ணெயைக் காய்ச்சுகிறார்கள். ஆவி மேலே போகிறது. எது எந்தச் சூட்டில் ஆவியாகுமோ அது அந்தந்த உயரத்தில் குளிர்ந்து, பெட்ரோல் தனி, மண்ணெண்ணெய் தனி, டீசல் தனி என்று பாகப்பிரிவினை செய்துகொள்கிறது. உங்கள் வீட்டு இட்லிப் பானை மூடியைத் திறந்தால் சொட்டுகிறதே, அதே சமாச்சாரம்தான். மூடி கொஞ்சம் பெரிசு, அவ்வளவே!

இந்தக் கோபுரங்களை முப்பது வருஷமாகப் பார்த்த எனக்கு ஓர் ஆசை. இதே வேலையை ஒரு குடும்பம், ஒரு அடுப்பு, ஒரு அண்டாவை வைத்துக்கொண்டு எப்படிச் செய்கிறது என்று பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் அதற்கு வழியில்லை. இங்கே கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எரிசாராயம் எடுக்கிறதெல்லாம் பெரிய பெரிய ஆலைகள். விற்பது டாஸ்மாக். 1983-ல் மொத்த வியாபாரமாக ஆரம்பித்து, 2003 நவம்பரிலிருந்து சில்லறையும் அவர்களே. கள்ளுக்கு 1987 ஜனவரி 1-லிருந்து தடை. இந்த லட்சணத்தில் நீங்களோ நானோ கொல்லைப்புறத்தில் அண்டா வைத்தால், இதே பத்திரிகையில் வேறு பக்கத்தில் போட்டோவோடு வருவோம்.

வாஸ்கோவில் ஷிப்பிங் கம்பெனியில் இருக்கிற நண்பன்தான் கைகொடுத்தான். திருவொற்றியூர் தேரடிக்காரன். "மச்சி, கோவாவுக்கு வந்து பீச்சைப் பார்க்கிறவன் டூரிஸ்ட். ஏப்ரல் மாசம் சத்தரிக்குப் போறவன்தான் மனுஷன். வா!" என்றான்.

போனேன். சத்தரி என்பது கோவாவின் கிழக்கே, மலையை ஒட்டிய தாலுகா. கடல் கிடையாது, பாரின் பொண்ணுங்க கிடையாது. வால்போய் ஊரைத் தாண்டி நண்பனின் ஸ்கூட்டர் ஒரு மண் ரோட்டில் திரும்பியதும் மூக்குதான் முதலில் போய்ச் சேர்ந்தது. அழுகின பழம், விறகுப் புகை, கொஞ்சம் வினிகர்... மூன்றையும் கலந்து வெயிலில் காயப்போட்ட மாதிரி ஒரு வாசனை. முந்திரிப்பழம்!

பண்ருட்டிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். கோவாக்காரர்கள் அந்தப் பழத்தில்தான் ஃபெனி வடிக்கிறார்கள். மரமே பிரேசில்காரர்களுடையது. போர்ச்சுகீசியர் 16-ம் நூற்றாண்டில் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். நமக்கும் கிடைத்தது, அவர்களுக்கும் கிடைத்தது. நாம் பாயசத்தில் போட்டோம்.

காய்ச்சுகிற பெரியவருக்கு அறுபத்தைந்து இருக்கும். மரியாதையாக 'பாப்' என்று கூப்பிடுகிறார்கள். அவருக்குக் கொங்கணி, எனக்குத் தமிழ், நடுவே நண்பனின் துறைமுக இந்தி. பழத்தைப் பறிப்பீர்களா என்று கேட்டதற்கே முகம் சுளித்தார். பறிக்கக்கூடாது. தானாக விழவேண்டும். விழுந்த பழத்தில்தான் இனிப்பு முழுசாக இருக்கும். காலையில் குடும்பமே கூடையோடு தோப்புக்குள் போய்ப் பொறுக்குகிறது.

பிறகு மிதிக்கிற வேலை. பாறையில் வெட்டிய சரிவான தொட்டி. அதற்குக் 'கொல்ம்பி' என்று பெயர். நாற்று நடுகிறவர் மாதிரி இரண்டு பேர் முழங்கால் வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு மிதிக்க, சாறு சரிவில் ஓடி ஓரத்துப் பானையில் விழும். இப்போது பல இடங்களில் மெஷின் வந்துவிட்டது. மிதிக்க ஆள் இல்லை, கூலி கட்டவில்லை என்கிறார்கள். மிதித்த சக்கையை மேடாகக் குவித்து, காட்டுக்கொடியால் சுற்றிக் கட்டி, மேலே ஒரு பாறாங்கல். ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கும் தெளிந்த சாறுக்கு 'நீரோ' என்று பெயர். ஒரு டம்ளர் கொடுத்தார். நாக்கில் தேன், தொண்டையில் நெல்லிக்காய்த் துவர்ப்பு. சாராய வாசனையே இல்லை. என் அம்மா முன்னாலும் குடிக்கலாம்.

மிதித்த சாறு மூன்று நாள் புளிக்கிறது. முன்பு மண்ணில் புதைத்த பானை, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் டிரம். ஈஸ்ட் போடுவதில்லை, சர்க்கரை போடுவதில்லை, தண்ணீர் சேர்ப்பதில்லை. பழத்தோலிலும் காற்றிலும் இருக்கிற நுண்ணுயிரே போதும். நான் பி.காம். என்பதால் உடனே கணக்குப் போட்டேன்: கோடிக்கணக்கான தொழிலாளிகள், சம்பளம் இல்லை, போனஸ் இல்லை, யூனியன் இல்லை! டிரம்மில் காது வைத்துக் கேட்கச் சொன்னார். 'சொர்ர்ர்' என்று நுரை உடைகிற சத்தம். சத்தம் அடங்கினால் அடுப்பு மூட்டவேண்டும். அந்த நேரத்தில் இரண்டு நாள் லீவு போட்டால் டிரம் முழுக்கக் காடிதான்.

இனி அடுப்பு. மண்ணில் பதித்த தாமிர அண்டா. 'பான்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் இதுவும் மண்பானையாகவே இருந்ததாம். தாமிரம் அழகுக்கு இல்லை சார். காய்ச்சும்போது கிளம்புகிற கந்தக நாற்றத்தை அது தன்மேல் பிடித்துக்கொள்கிறது. ஸ்காட்லாந்தில் கோடி கோடியாகப் போட்டு விஸ்கி வடிக்கிறவர்களும் இதே காரணத்துக்குத்தான் தாமிரம் வைத்திருக்கிறார்கள். அண்டா வாயை மூடி, இடுக்கில் துணி சுற்றி, புற்றுமண் குழைத்துப் பூசுகிறார்கள். ஆவி ஒரு குழாய் வழியாகப் போய் 'லவ்ணி' என்கிற பானையில் இறங்கும். முன்பெல்லாம் ஒரு ஆள் உட்கார்ந்து அந்தப் பானை மேல் நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். இப்போது தண்ணீர்த் தொட்டிக்குள் தாமிரச் சுருள் குழாய். ஆள் மிச்சம்.

பாப் அதிகம் பேசியது விறகைப் பற்றித்தான். எந்த விறகு, எவ்வளவு காய்ந்தது, எப்போது இழுக்கவேண்டும், எப்போது தள்ளவேண்டும்... தீ பிடிவாதமாக எரிந்தால் உள்ளே நுரை பொங்கிக் குழாயில் ஏறிவிடும், தீய்ந்த வாடை வந்துவிடும், அப்புறம் அந்தச் சரக்கை யாரும் தொடமாட்டார்கள். குழாய் அடைத்துக்கொண்டால் அண்டா வெடிகுண்டு. அதனால் ஒவ்வொரு தடவையும் குழாயில் கம்பி விட்டுப் பார்க்கிறார். சொட்டும் பானையை நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பதில்லை, ஆவி பற்றிக்கொள்ளும். பிரஷர் மீட்டர், தெர்மாமீட்டர் எதுவும் இல்லை. குழாயைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் கைக்கு அறுபது சீசன் அனுபவம்.

நான் மணலி போட்டோவை செல்போனில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதுக்கு யார் விறகு தள்றாங்க?" என்று கேட்டார்.

முதலில் சொட்டியதை ஒரு சின்ன டம்ளரில் பிடித்து, வெளியே போய் மண்ணில் ஊற்றினார். "சாமிக்கா?" என்றேன். "இல்லை, தலைவலிக்கு" என்றார். முதலில் வருவதில் சீக்கிரம் ஆவியாகிற காரமான சங்கதிகள் சேர்ந்திருக்கும். பெயின்ட் வாடை அடிக்கும். கடைசியில் வருவதும் ஆகாது, ஈரத்துணி நாற்றம். நடுவில் வருவதுதான் சரக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் சீரியஸாகப் பேசவேண்டியிருக்கிறது. 'முதல் சொட்டைக் கொட்டாததால்தான் கள்ளச்சாராயத்தில் ஆள் சாகிறான்' என்று டீக்கடையில் ஒரு விஞ்ஞானம் உண்டு. அப்படியில்லை. நம் ஊர்களில் கொத்துக் கொத்தாகச் சாகக் காரணம் மெத்தனால். புளித்த பழச்சாற்றில் அது மிகக் கொஞ்சம்தான் உண்டாகும். கொல்கிற அளவு மெத்தனால் எந்த அண்டாவிலிருந்தும் வருவதில்லை. தொழிற்சாலை கேனிலிருந்து வருகிறது. பெயின்ட், பிசின், ரசாயன ஆலைகளுக்கான சரக்கு. அதை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்து, தண்ணீர் கலந்து, பாக்கெட் போட்டு விற்கிறார்கள். காய்ச்சவே இல்லை! 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20 பேருக்கு மேல். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல். இரண்டிலும் மெத்தனால்தான்.

மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். நாம் சாராயம் என்று சொல்கிற எத்தனால் 78 டிகிரி சொச்சம். வித்தியாசம் அடுப்புக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியாது. நிறத்திலும் மணத்திலும் சாதாரண மனுஷனால் கண்டுபிடிக்க முடியாது. உடம்புக்குள் போய் அது ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அதே அமிலம். முதலில் அடிப்பது கண் நரம்பை. அதிலும் கொடுமை, அரை நாள், ஒரு நாள் வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். 'நேத்து குடிச்சேன், நல்லாத்தானே இருக்கேன்' என்று இன்னொருத்தனுக்கும் வாங்கிக் கொடுத்துவிடுவான். கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் மோர் கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கவேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரம்தான் இருக்காது.

நான் காலேஜ் படிக்கிற காலத்தில் எங்கள் தெருவில் பெயின்டர் அண்ணன் ஒருவர் இருந்தார. கலர் சேர்ப்பதில் கில்லாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து குடித்ததில் மூன்று பேர் போய்விட்டார்கள். இவர் பிழைத்தார். இப்போதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் செருப்புச் சத்தத்தை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "தம்பி, மழை வர்ற மாதிரி இருட்டுதா?" என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டு நகர்வோம்.

பாப் அண்டாவுக்குத் திரும்புவோம்.

முதல் தடவை வடித்தது 'ஊராக்'. சுமார் 15 சதவீதம். சீசனில் மட்டும் கிடைக்கும், வைத்திருந்தால் கெட்டுப்போகும். லிம்கா, உப்பு, கீறின பச்சைமிளகாய் போட்டுக் குடிக்கிறார்கள். (நான் ஒரே ஒரு டம்ளர். மது உடல்நலத்துக்குக் கேடு என்று இந்த இடத்தில் சொல்லாவிட்டால் எடிட்டர் சொல்லிவிடுவார்.) ஊராக்கோடு நீரோவோ புளித்த சாறோ சேர்த்து மறுபடி வடித்தால் ஃபெனி. சுமார் 42 சதவீதம். ஊராக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் ஃபெனிக்குச் சேதாரமே இல்லாமல் 2.8 லிட்டர் ஊராக் வேண்டும். சேதாரம் இல்லாத வியாபாரம் தங்கநகைக் கடையிலேயே கிடையாது.

வீரியம் பார்க்க ஒரு கண்ணாடி மானி இருக்கிறது. அதைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு டம்ளரில் உயரத்திலிருந்து ஊற்றி நுரையைப் பார்த்தார். முத்து முத்தாகக் குமிழி வந்து, கொஞ்ச நேரம் நின்று உடைந்தால் சரி. ஃபெனி என்ற பெயரே நுரை என்கிற சொல்லிலிருந்துதான் வந்தது என்கிறார்கள். பிறகு மானியைப் போட்டார். சரியாக இருந்தது. மானிக்குத்தான் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சேமிப்பு அறை இருட்டு, மண் தரை, சில்லென்று இருந்தது. பூசணிக்காய் வயிறும் ஒல்லிக் கழுத்துமாகப் பெரிய கண்ணாடிக் குடுவைகள், 'கர்ரஃபாவ்'. உடையாமல் இருக்கப் பிரம்புக்கூடைச் சட்டை. விஸ்கி மாதிரி மரப்பீப்பாயில் ஊறவைப்பது இங்கே வழக்கமில்லை, அதனால் சரக்கு தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருக்கிறது. சில வீடுகளில் பிளாஸ்டிக் கேனிலும் வைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பாப்புக்கும் பிடிக்கவில்லை. "சாராயம் பாத்திரத்தையும் குடிக்கும்" என்றார்.

கணக்குப் புத்தகம் கேட்டேன். பழக்கதோஷம். நூல் கட்டிய நோட்டு வந்தது. முந்திரித் தோப்புகளை அரசாங்கம் பகுதி பகுதியாக ஏலம் விடுகிறது. காய்ச்ச லைசென்ஸ் வேண்டும், எக்சைஸ்காரர்கள் வருவார்கள். கள்ளத்தனம் ஒன்றுமில்லை. 2009-ல் முந்திரி ஃபெனிக்குப் புவிசார் குறியீடும், 2016-ல் பாரம்பரிய பானம் என்ற அந்தஸ்தும் கிடைத்தன. அதுவரை சட்டத்தின் கண்ணில் அது வெறும் நாட்டுச்சரக்கு. குறியீடு வந்து உங்களுக்கு என்ன மாறியது என்றேன். "பாட்டில்காரங்களுக்கு மாறிச்சு" என்று சிரித்தார். மகன் பனாஜியில் மருந்துக் கம்பெனியில் வேலை. ஏப்ரலில் பத்து நாள் லீவு போட்டு வந்து மிதிக்கிறானாம்.

போகிறவர்கள் ஏப்ரலில் போங்கள். மே கடைசி தாண்டினால் ஒன்றும் இருக்காது. முதல் மழை விழுந்ததும் பழம் முடிந்தது, அடுப்பு அணைந்தது. அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து, திண்ணையில் கவிழ்த்துவிடுவார்களாம். மழைக்காலம் முழுக்க அதன்மேல் வீட்டுப் பூனை படுத்திருக்குமாம்.