திரும்பி வந்த காசோலை

வீட்டு வாகனத்தைத் தெரிந்தவர் ஒருவருக்கு விற்க எண்ணியிருக்கிறீர்களா? எனக்கு நேர்ந்ததைக் கேட்டுவிட்டுப் பின்னர் சாவியைக் கொடுங்கள்.

தேங்காய்த்திட்டில், மீன்பிடித் துறைமுகம் செல்லும் சாலையருகே எங்கள் வீடு. பல ஆண்டுகள் நான் ஓட்டிய ஆம்னி வேன், வாசலில் நின்று கடற்காற்றில் துருவேறிக்கொண்டிருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை விற்க முனைந்தேன். சம்பந்தி வழியில் அறிமுகமான கடலூர்க்காரர் ஒருவர் வந்தார். விலை 1,40,000 ரூபாய். 20,000 ரொக்கம், மீதிக்குக் காசோலை. படிவங்களில் கையெழுத்திட்டேன், வண்டி அன்றே போய்விட்டது.

"எழுதி ஏதும் வாங்கினீர்களா?" என்று மனைவி கேட்டாள்.

"நம் மனிதர்தானே" என்றேன்.

மூன்றாம் நாள், கணக்கில் போதிய பணமில்லை என்ற குறிப்புடன் காசோலை திரும்பியது. தொலைபேசியில் அழைத்தேன். "பாய், வியாபாரத்தில் கொஞ்சம் முடை. அடுத்த ஜும்ஆவுக்குள் தந்துவிடுகிறேன்" என்றார். அந்த ஜும்ஆ போயிற்று, அடுத்ததும் போயிற்று. கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்கச் சொல்லும் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தை நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். (அவர் மெய்யாகவே சிரமத்தில் இருந்தாரா, என் வேனில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தாரா என்று நான் விசாரிக்கவே இல்லை!)

ஓர் இரவு மனைவி சொன்னாள்: "280ஐச் சொல்கிறீர்கள். இரண்டு வசனம் தள்ளி என்ன இருக்கிறது?"

நான் வாயடைத்துப் போனேன். கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் 282ஆம் வசனம், குர்ஆனிலேயே மிக நீண்டது. அவளுக்கு வேறோர் அச்சமும் இருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் என் பெயர்தான். வண்டி எங்காவது விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் உள்ள உரிமையாளரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

மறுநாள் வழக்கறிஞரிடம் சென்றேன். அவர் முதலில் கேட்டது தேதியைத்தான். ஐந்து வாரங்கள் கடந்திருந்தன. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்படி, காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும். குற்றம் உறுதியானால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நானோ அவகாசம் கொடுத்து, எனக்கிருந்த அவகாசத்தை இழந்திருந்தேன்.

"காசோலையின் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆகவில்லையே? மீண்டும் வங்கியில் போடுங்கள்" என்றார். முதல் முறை வழக்குத் தொடராவிட்டாலும், மறுபடி திரும்பினால் புதிதாக அறிவிப்பு அனுப்பி வழக்குத் தொடரலாம் என்று 2012இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறதாம். கடலூருக்கு அலைய வேண்டுமோ என்று கேட்டேன். 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றின்படி அப்படித்தான் இருந்தது. 2015இல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், நம் கணக்கு உள்ள வங்கிக் கிளை எங்கோ அங்கேயே வழக்கு என்றார். என் கணக்கு புதுச்சேரியில்தான்.

காசோலை மறுபடியும் திரும்பியது. இம்முறை அதே வாரத்தில், ஒப்புகை அட்டையுடன் பதிவு அஞ்சலில் அறிவிப்பு சென்றது. கையெழுத்திட்டபோது என் கை நடுங்கியதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? "அவகாசம் கொடுக்க வேண்டாமென்று யார் சொன்னது? காகிதம் கையில் இருக்கட்டும், பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள்" என்றாள் மனைவி.

பன்னிரண்டாம் நாள் அவரே வந்து 1,20,000 ரூபாயையும் எண்ணி வைத்தார். ரசீது எழுதி இருவரும் கையொப்பமிட்டோம். அந்த வாரமே கூடச் சென்று, மாநிலம் மாறும் வண்டிக்குரிய தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பித்தேன்.

சென்ற மாதம் ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் அவரைக் கண்டேன். ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார், முகத்தைப் பார்க்கவில்லை.