காலம் காக்கும் தண்டு

ஆடலரங்கில் நட்டுவனாரின் தாளம் சற்றே பிழைத்தாலும் ஆடுவோரின் அடி தடுமாறும். மோட்டார் சைக்கிளின் பொறியிலும் அத்தகைய தாளம் ஒன்று உண்டு.

நான்கு வீச்சுப் பொறியில் எரிகலவை உருளைக்குள் நுழைவதற்கு ஒரு வழியும், எரிந்த புகை வெளியேறுவதற்கு மற்றொரு வழியும் உள. அவ்வழிகளைக் காக்கும் கதவுகளே வால்வுகள். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்துக்கு இசைய அவற்றைத் திறப்பது, புடைப்புகளையுடைய காம் தண்டு ஆகும். கிராங்குத் தண்டு இருமுறை சுழலும்போது இது ஒருமுறை சுழல வேண்டும். கிராங்குத் தண்டு நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், ஒவ்வொரு வால்வும் ஒரு நொடியில் 50 முறை திறந்து மூடும். இத்தாளம் பிறழ்ந்தால் பொறியின் ஆற்றல் குன்றும். மிகவும் பிறழ்ந்தால், பல பொறிகளில் பிஸ்டன் திறந்த வால்வின்மீது மோதி அதனை வளைத்துவிடும். ஆதலின், ஒரு தண்டின் சுழற்சியை மற்றொன்றுக்குப் பிழையின்றிக் கொண்டு செலுத்துவது எவ்வாறு என்று பொறியியல் அறிஞர் ஆராயலாயினர்.

காம்களைக் கிராங்குத் தண்டின் அருகிலேயே வைத்துப் பற்சக்கரங்களால் சுழற்றுவது ஒரு முறை. அங்கிருந்து மெல்லிய தள்ளுகோல்கள் மேலெழுந்து வால்வுகளை இயக்கும். 1955-இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டி நெடுங்காலம் இம்முறையையே கைக்கொண்டது. இஃது உறுதியானது; பழுது பார்த்தற்கு எளியது. ஆயினும், விரைவு மிகுந்தால் மேலும் கீழும் துள்ளும் கோல்களின் எடையே வால்வுகளின் ஒழுங்கான இயக்கத்துக்குத் தடையாகும்.

காம் தண்டை உருளையின் தலைமேல் ஏற்றிவிட்டால் அக்கோல்கள் வேண்டா. ஆனால், அவ்வுயரத்துக்குச் சுழற்சியைக் கொண்டு செல்ல வேண்டும். 1969-இல் வெளிவந்த ஹோண்டா சி.பி. 750 அதற்குச் சங்கிலியைப் பயன்படுத்தியது. சங்கிலி விலை குறைந்தது. எனினும், தேயத் தேய நீளும். அதனை இறுக்கிப் பிடிக்க ஓர் உறுப்பு வேண்டும். 1986-இல் அதே நிறுவனம் வெளியிட்ட வி.எஃப்.ஆர். 750 பற்சக்கர வரிசையைக் கொண்டிருந்தது. பற்சக்கரம் நீளாது, காலம் தவறாது. ஆனால் எடையும் விலையும் மிகும், ஓசையும் எழும்.

இம்முறைகளுள் ஒன்றைத் தேர்வதில் அறிஞருக்கு எத்துணை மனத்திண்மை வேண்டும் என்பதை இத்தாலி நாட்டு ஃபாபியோ தாலியோனியின் வாழ்வு காட்டும். அவர் 1954-இல் பொலோஞா நகரத்து டுகாட்டி நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே நிமிர்ந்த தண்டு ஒன்றும் அதன் இரு முனைகளில் சாய்பற்சக்கரங்களும் கொண்டு காம் தண்டைச் சுழற்றும் பொறியை அமைத்தார். 1972-இல் இமோலாப் பந்தயத்தில் அவ்வகைப் பொறி பூண்ட வண்டிகள் முதல் இரண்டு இடங்களையும் வென்றன. உருளையின் பக்கத்தே தண்டைத் தாங்கி நின்ற குழாயே டுகாட்டியின் அடையாளமாயிற்று.

ஆனால், அச்சக்கரங்களைப் பொருத்துதல் அரிய வேலை. பற்கள் நெருங்கினால் தேயும், விலகினால் இரையும். மெல்லிய தகடுகளை இடையே செருகி, தேர்ந்த கையினர் ஒவ்வொரு பொறியையும் பொறுமையுடன் சரிசெய்ய வேண்டியிருந்தது. அதனால் செலவு பெருகியது. இதனை உணர்ந்த தாலியோனி, 1979-இல் விற்பனைக்கு வந்த பாந்தா வண்டியில், தமக்குப் புகழ் தந்த தண்டைத் தாமே விலக்கினார். அதன் இடத்தில் பல்வைத்த இரப்பர்ப் பட்டையை அமைத்தார். அஃது இலேசானது, ஓசை குறைந்தது, எண்ணெய் வேண்டாதது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வண்டி ஓடினும் ஓடாவிடினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பட்டையை மாற்ற வேண்டும். மறந்தால், அஃது அறுந்த நொடியே வால்வுகள் கெடும்.

அப்பட்டையும் இறுதி விடையாகிவிடவில்லை. 2012-இல் வெளிவந்த 1199 பானிகாலே வண்டியில் அதே நிறுவனம் சங்கிலியையும் பற்சக்கரத்தையும் இணைத்துக்கொண்டது. சென்னையில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளிலும் 2018-இல் வந்த 650 இரட்டை உருளைப் பொறி, தள்ளுகோலை விட்டுச் சங்கிலியைத் தழுவியது.

குறையே இல்லாத முறை என ஒன்று இல்லை. பந்தய வண்டிக்கு ஏற்றது சந்தைக்குச் செல்வோனின் வண்டிக்கு ஏற்காது. தாலியோனி போற்றியது தண்டை அன்று; வால்வு காலம் தவறாது திறக்க வேண்டும் என்னும் குறிக்கோளையே போற்றினார். அதனாலேயே தம் கையால் ஆக்கிய சிறந்த பொருளைக் கைவிடவும் அவரால் இயன்றது.