ஹெல்சிங்கிக்கு ஒரு டிக்கெட்!

வெளிநாடு என்றால் நம்மவர்களுக்கு மூன்றே ரகம்தான். ஒன்று, சிங்கப்பூர், மலேசியா. போய் வந்தால் உறவினர்கள் தைலம் கேட்பார்கள். இரண்டு, துபாய். தங்கம் என்ன விலை என்று கேட்பார்கள். மூன்று, லண்டன், பாரிஸ், சுவிட்சர்லாந்து. அதெல்லாம் சினிமாவிலேயே பார்த்தாகிவிட்டது. ஹீரோயின் நின்ற இடத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் கடமை முடிந்தது. இந்த மூன்றிலும் சேராமல் ஒரு ஊரைச் சொல்லிப் பாருங்கள். 'ஹெல்சிங்கி' என்றால் பத்துக்கு ஒன்பது பேர், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்பார்கள். மாத்திரை பேர் மாதிரிதான் இருக்கிறது, என்ன செய்ய!

ஹெல்சிங்கி, ஃபின்லாந்தின் தலைநகரம். மூன்று பக்கம் பால்டிக் கடல், சுற்றிலும் சுமார் 300 தீவுகள், மக்கள்தொகை ஏழு லட்சத்தை ஒட்டி. நமக்கும் அந்த நாட்டுக்கும் ஸ்நானப் பிராப்தியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நம்மில் பாதிப் பேர் முதன்முதலில் பாம்பு வளர்த்தது நோக்கியா செல்போனில்தான். அந்தக் கம்பெனியின் சொந்த நாடு ஃபின்லாந்து. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொழிற்சாலை தொடங்கி 2014-ல் மூடினார்களே, அதே நோக்கியா.

வருகிற ஜூனில் போவதாக உத்தேசம். கையில் இருப்பது மூன்று வருஷச் சேமிப்பும், ஐந்து நாள் லீவும். முன்னும் பின்னும் சனி, ஞாயிறு ஒட்டவைத்தால் ஒன்பது நாள். "அந்தக் காசுக்கு ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமேடா" என்கிறாள் அம்மா. நியாயமான கேள்வி. மனை அப்படியே இருக்கும். பயணம் போனால் போனதுதான். ஆகவே ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்று ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து சில பக்கங்கள், உங்களுக்கும் உதவட்டும்.

முதல் கேள்வி, எந்த மாதம்? இதில்தான் எல்லாமே இருக்கிறது. ஊர் 60-வது அட்சரேகையில் உட்கார்ந்திருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் ஆறு மணி நேரம்கூடக் கிடையாது. ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் எட்டிப் பார்த்து, மூணேகாலுக்கு அட்டெண்டன்ஸ் முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். அரசாங்க வேலை! ஜூன் கடைசியிலோ கிட்டத்தட்ட 19 மணி நேரப் பகல். ராத்திரி பதினொரு மணிக்கும் பேப்பர் படிக்கலாம். காசுக்கு அதிகப் பகல் வேண்டுமானால் ஜூன்தான். தூங்கக் கண்ணுக்கு ஒரு கறுப்புத் துணி மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஜூனிலும் ஒரு கண்ணி உண்டு. 20-க்கும் 26-க்கும் நடுவில் வரும் சனிக்கிழமை 'யுஹன்னுஸ்' என்ற கோடைத் திருநாள். அதற்கு முதல் நாளே ஊர் மொத்தமும் ஏரிக்கரைக் குடிசைகளுக்குக் கிளம்பிவிடும். கடைகள் பல மூடிவிடும். நம் பொங்கலுக்குச் சென்னை காலியாவது மாதிரி. அந்த வாரம் போய் இறங்கினால் நீங்களும் கடல்காக்கைகளும்தான். அதனால் நான் குறித்திருப்பது ஜூன் 12-ஐ ஒட்டிய வாரம். அன்றைக்கு ஊருக்கே பிறந்த நாள். 1550-ல் அதே தேதியில் ஸ்வீடன் ராஜா குஸ்தாவ் வாஸா, கடலுக்கு அக்கரையில் இருக்கும் தாலின் நகரத்து வியாபாரத்தோடு போட்டி போட இந்த ஊரை உண்டாக்கினார். எப்படி? நான்கு ஊர் வியாபாரிகளைக் கூப்பிட்டு, 'எல்லோரும் அங்கே குடிபோங்கள்' என்று உத்தரவு போட்டார். ஊரே ஒரு டிரான்ஸ்ஃபர் ஆர்டரில் பிறந்தது என்றால் நம் போன்றவர்களுக்குப் பாசம் வராமல் இருக்குமா?

அடுத்தது விசா. ஷெங்கன் விசா ஒன்று வாங்கினால் 29 நாடுகளுக்குச் செல்லும். கட்டணம் 90 யூரோ. ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குச் சுலபம், மனசுக்குத்தான் கஷ்டம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி பட்சம் பதினைந்து நாள் முன்னால். 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். பேங்க் ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, தங்குமிடம், போகவர ரிசர்வேஷன், ஆபீசிலிருந்து லீவ் சான்றிதழ் எல்லாம் வேண்டும். இதில் கடைசிக் காகிதம்தான் கடினம். ஃபின்லாந்து சர்க்காரைச் சமாதானம் செய்துவிடலாம், மேனேஜரை? இன்னொன்று, விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பி வராத டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். மலிவு என்று கண்ணடிக்கும். நம்பாதீர்கள்.

விமானம் இறங்கும் இடம் வான்டா. 2015-லிருந்து அங்கேயே ரயில் வருகிறது. அரை மணியில் ஊர் நடுவில் இருக்கும் சென்ட்ரல் ஸ்டேஷன். எலியேல் சாரினென் கட்டியது, 1919-ல் திறந்தது. வாசலில் கருங்கல் மனிதர்கள் நான்கு பேர் ஆளுக்கொரு விளக்குக் குண்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டிக்கெட் ஏ, பி, சி என்று வட்டார வாரியாக. விமான நிலையத்திலிருந்து வர மூன்றும் சேர்ந்தது வாங்க வேண்டும். ஊருக்குள் ஏ, பி போதும். டிராம், பஸ், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். கேட் கிடையாது, யாரும் தடுக்க மாட்டார்கள். பரிசோதகர் திடீரென்று வருவார். டிக்கெட் இல்லையென்றால் ரெண்டு நாள் சாப்பாட்டுக் காசு போச்சு.

அபராதம் என்றதும் ஒரு விஷயம். அந்த நாட்டில் பெரிய குற்றங்களுக்கு அபராதம் வருமானத்துக்கேற்ப. 2002-ல் நோக்கியாவின் உயர் அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேகமாகப் போனதற்கு 1,16,000 யூரோ விதித்தார்கள்; பிறகு அப்பீலில் வெகுவாகக் குறைந்தது. என் சம்பளத்தைக் காட்டினால் அவர்களே சில்லறை கொடுத்தனுப்புவார்கள் என்று நினைக்கிறேன்.

பார்க்க வேண்டியவை? முதல் நாள் செனட் சதுக்கம். 1812-ல் ரஷ்யச் சக்ரவர்த்தி முதலாம் அலெக்ஸாண்டர், துர்க்கு நகரத்திலிருந்து தலைநகரை இங்கே மாற்றினார். எங்கெல் என்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம் வரைந்தார். 1852-ல் கட்டி முடிந்தது. சதுக்கமே ஒரு குட்டி பீட்டர்ஸ்பர்க் மாதிரி ஆனது. பனிப்போர் காலத்தில் ரஷ்யாவுக்குள் போக முடியாத ஹாலிவுட்காரர்கள் இங்கே வந்துதான் மாஸ்கோவை எடுத்தார்கள். 1983-ல் வந்த 'கோர்க்கி பார்க்' அந்த ரகம்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் கடலோரச் சந்தைச் சதுக்கம். ஐஸ்கிரீம் வாங்கினால் வானத்தைப் பார்த்துக்கொண்டே தின்னவும். கடல்காக்கை குறி வைத்துப் பறிக்கும். அங்கே படகு ஏறினால் கால் மணியில் சுவோமென்லின்னா. தீவுகளை இணைத்து ஸ்வீடன்காரர்கள் 1748-ல் கட்டத் தொடங்கிய கோட்டை. அசைக்க முடியாதது என்று பேர் வாங்கி, 1808-ல் பெரிதாகச் சண்டையே இல்லாமல் ரஷ்யர்கள் கைக்குப் போனது. 1991-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இன்றும் சுமார் 800 பேர் அங்கே குடியிருக்கிறார்கள். படகுக்குத் தனிக் காசு கிடையாது, டிராம் டிக்கெட்டே செல்லும். ஒரு முழு நாள் அதற்கு ஒதுக்கிவிட்டேன்.

பாறையைக் குடைந்து 1969-ல் கட்டிய தெம்பெலியாவ்கியோ தேவாலயம் ஒன்று. உள்ளே சுவரெல்லாம் கரடுமுரடான கல், மேலே செம்புக் கூரை. அப்புறம் 'ஓடி'. பேர்தான் ஓடி, வேலை உட்காருவது. 2018-ல் திறந்த மத்திய நூலகம். ஃபின்னிஷ் மொழியில் அதற்கு 'வாழ்த்துப்பா' என்று பொருள். எதிரே பார்லிமெண்ட். நூலகத்து மாடியையும் பார்லிமெண்ட் படிக்கட்டின் உச்சியையும் ஒரே மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். படிக்கிறவனும் ஆள்கிறவனும் சமம் என்று அர்த்தமாம். உள்ளே தையல் மெஷின்கூட இருக்கிறது. போய் சட்டை பட்டன் தைத்துக்கொண்டு வரலாம்.

சாப்பாடு. வார நாட்களில் பதினொன்றிலிருந்து இரண்டு வரை 'லௌனஸ்' என்று மதியச் சாப்பாடு போடுவார்கள். பன்னிரண்டு, பதினாலு யூரோவுக்குள் வயிறு நிறையும். அந்த ஒரு வேளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற வேளைக்கு சூப்பர் மார்க்கெட் ரொட்டி என்று பட்ஜெட் போட்டிருக்கிறேன். சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வியாழக்கிழமை பட்டாணி சூப் அங்கே சம்பிரதாயம். பட்டாணிதானே என்று கையை நீட்டாதீர்கள், பெரும்பாலும் உள்ளே பன்றி இறைச்சி இருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். 120 கிலோமீட்டர் பாறைச் சுரங்கத்தின் வழியாக ஏரித் தண்ணீர் குழாய்க்கு வருகிறது.

காபி விஷயத்தில் நம் ஜாதி. தலைக்கு இவ்வளவு காபி குடிக்கிற ஜனங்கள் உலகத்தில் அபூர்வம். பல தொழில்களில் காபி இடைவேளையைச் சம்பள ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். (யூனியன் நண்பர்கள் கவனிக்க!) கூடத் தின்ன ஒரு பட்டைப் பொடி பன். பேர் 'கொர்வபூஸ்தி'. நேர் அர்த்தம் 'காதோடு ஓர் அறை'. காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் சௌனா. ஐம்பத்தாறு லட்சம் ஜனத்துக்கு முப்பது லட்சம் சௌனா. எண்பது டிகிரிக்கு மேல் காய்ந்த மர அறையில், சூடான கல்லில் தண்ணீர் விசிறி, வேர்த்துக் கொட்டி, பிறகு கடலில் குதிப்பது. பொதுச் சௌனாக்களில் ஆண்கள், பெண்கள் பெரும்பாலும் தனித்தனி. உடுப்பு? பழைய சௌனாக்களில் கிடையாது. துண்டு உட்காருவதற்கு மட்டும். கூச்சக்காரர்களுக்கு, 2016-ல் திறந்த 'லோய்லு' என்ற கடலோரச் சௌனாவில் நீச்சல் உடை உண்டு. நான் அங்கேதான் போகிறேன், வேற பேச்சே இல்லை.

மொழிக்கு வருவோம். வீடு, 'தலொ'. வீட்டில், 'தலொஸ்ஸ'. வீட்டிலிருந்து, 'தலொஸ்த'. வீட்டுக்குள், 'தலோன்'. வேற்றுமை உருபை ஒட்டிக்கொண்டே போகிற நம் பாணி! குறில், நெடில் தகராறும் அப்படியே. 'துலி' என்றால் நெருப்பு, 'தூலி' என்றால் காற்று, 'துல்லி' என்றால் சுங்கம். 'தபான் சினுத்' என்றால் உன்னைச் சந்திக்கிறேன். நெடிலைக் குறிலாக்கி 'தபன் சினுத்' என்றால் உன்னைக் கொல்கிறேன். ஜாக்கிரதை! கால்டுவெல் தன் 1856-ம் வருஷத்து ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளுக்கு அந்தப் பக்கத்து மொழிகளோடு உறவு தேடினார். இன்றைய அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை. ஆனால் சிந்து எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழியே என்று ஆயுளெல்லாம் வாதாடிய அஸ்கோ பர்போலா, ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டில் விருது வாங்கியவர். அங்கே உட்கார்ந்து ஒரு மனிதர் நம் 'மீன்' என்ற சொல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார் என்பதே எனக்குப் பெரிய வியப்பு.

கடைசியாக, நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்ட இடம். 1952-ல் ஒலிம்பிக்ஸ் நடந்த ஸ்டேடியம். அதன் கோபுரத்தின் உயரம் 72.71 மீட்டர். 1932 ஒலிம்பிக்ஸில் மத்தி யார்வினென் ஈட்டி எறிந்த தூரம் அது! பக்கத்திலேயே அன்றைய கண்காட்சி மண்டபம். இன்று விளையாட்டுக் கூடம். அங்கேதான் நம் கே.டி.ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். அடுத்தது வர 44 வருஷம் ஆனது.

மகாராஷ்டிரத்து கிராமத்துப் பிள்ளை. ஹெல்சிங்கி போகக் காசில்லை. ஊரார் வசூல் செய்து கொடுத்தார்கள். அவர் படித்த கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து ரூ.7,000 கொடுத்தார். வீடா, ஹெல்சிங்கியா என்ற கேள்வி நம் நாட்டில் புதிதல்ல என்று அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள், "அந்த வாத்தியார் வீட்டை மீட்டாரா?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூடத்தின் வாசலில் ஐந்து நிமிஷம் சும்மா நிற்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். டிக்கெட் கிடையாது.