வண்டியை நிறுத்திய இடம்

அண்மையில் கோலார் தங்கவயலில் வாய்மொழி வரலாறு குறித்த மூன்று நாள் பயிலரங்கு ஒன்றில் கலந்துகொண்டேன். பயிற்சி மையத்தின் சுற்றறிக்கையில் வருகை பற்றி மூன்று குறிப்புகள் இருந்தன. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர், சொந்த வாகனத்தில் வருவது நலம்; வளாகத்தில் வாகனம் நிறுத்த இடமுண்டு; தங்குமிடத்தை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிக் குறிப்பால் என் ஆய்வேட்டின் ஓர் இயலையே திருத்தி எழுத நேர்ந்தது. களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

தங்கவயல் எனக்குப் புதிய ஊரன்று. சுரங்கம் மூடப்பட்டபின் அங்குள்ள தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வாழ்க்கையே என் ஆய்வுப் பொருள். இரண்டு ஆண்டுகளில் ஆறு முறை சென்றிருக்கிறேன். ஆறு முறையும் நண்பரின் காரில். முற்பகல் பதினொரு மணிக்குச் சாம்பியன் ரீஃபில் ஒரு மரநிழலில் வண்டியை நிறுத்துவோம். அங்கிருந்து நடக்கும் தொலைவிலுள்ள லைன் வீடுகளில் பேட்டி எடுப்போம். மாலை நெரிசலுக்கு அஞ்சி நான்கு மணிக்கே புறப்பட்டுவிடுவோம். எங்களுக்குக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டதை நேற்று நடந்தது போலச் சொல்பவர்கள். ஆகவே மூன்றாம் இயலில் இவ்வாறு எழுதினேன்: 'சுரங்கம் மூடப்பட்டபின் உழைக்கும் வயதினர் ஊரைவிட்டு வெளியேறினர், முதியோர் எஞ்சினர்.' படித்தவர் எவரும் அதில் குறை காணவில்லை.

இம்முறை நண்பர் உடன் வரவில்லை. முகூர்த்த நாள்கள் என்பதால் ராபர்ட்சன்பேட்டை விடுதிகளில் அறை கிடைக்கவில்லை. மையத்தில் கேட்டபோது, தினமும் பெங்களூரிலிருந்து வந்துபோகலாமே என்றனர். முன்பு பேட்டி கண்ட ஓர் அம்மாவைத் தயக்கத்தோடு அழைத்தேன். "வீடு சின்னது தம்பி. படுக்க இடம் இருக்குது, வாங்க" என்றார்.

பயிலரங்கிற்கு முந்தைய நாள் மாலை பெங்களூரில் ரயில் ஏறினேன். சென்னைத் தடத்திலுள்ள பங்காரப்பேட்டையிலிருந்து பிரியும் கிளைப்பாதை அது. கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று ஒரு சில நிலையங்கள். ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் இங்கு சுரங்கப் பணியைக் கையிலெடுத்தது. 1894இல் இப்பாதை வந்தது. தங்கத்துக்காகப் போட்ட பாதை, இன்று பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கிறது. இதை நான் நூல்களில் படித்திருந்தேன், அடிக்குறிப்பாகவும் சேர்த்திருந்தேன். அன்று அந்த அடிக்குறிப்புக்குள் நின்றபடி பயணம் செய்தேன். உட்கார இடமில்லை. தோள்பையைத் தலைக்கு அணைத்து உறங்கியவர்கள் எல்லோரும், நான் 'வெளியேறினர்' என்று எழுதிய வயதினர்.

இரவு ஒன்பதரைக்கு மேல் லைன் விழித்துக்கொண்டது. பகலில் பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கெரிந்தது. குழாயடியில் கூட்டம், யாரோ ஒருவர் பிள்ளையின் கணக்குப் பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். அம்மாவின் மகன் பெங்களூரில் காவலாளி வேலை பார்ப்பவர். நான் அவரை அதுவரை கண்டதில்லை. சாப்பிடும்போது என் இயலின் அந்த வரியைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"நாங்க எங்கண்ணே போனோம்? வேல அங்க, வீடு இங்க. வீட்டப் பூட்டிட்டுக் குடும்பத்தோட போனா, திரும்பி வரும்போது இது நம்ம வீடா இருக்குமா? இன்னும் எங்க பேர்ல காகிதம் இல்லியே."

விடியுமுன் நான்கு மணிக்கு அடுப்புகள் எரிந்தன. ஐந்தரைக்குள் தெரு மறுபடி காலியாயிற்று. நான் இரண்டு ஆண்டுகளாக ஆய்ந்த தங்கவயல், அதன்பின் எஞ்சும் ஊர்.

பேட்டியாளர் தேர்வு குறித்து ஆய்வேட்டில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். வயது, பாலினம், தொழில் என்று அட்டவணையும் உண்டு. உண்மையில் என் தேர்வை முடிவுசெய்தவை கார் நின்ற மரநிழலும், நாங்கள் திரும்பிய நான்கு மணியும்தான். அவற்றைப் பற்றி அந்தப் பக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை.

இதே ஊரில் வேறு வகை ஆய்வும் நடந்திருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீகண்டன் 1951இல் இச்சுரங்கத்தில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கினார். 1965இல் அந்நிறுவனமும், ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், டர்ஹாம் பல்கலைக்கழகமும் இணைந்து, தரைக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே நிறுவிய கருவிகளால் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தன. மிக அரிதாகவே நிகழும் ஒன்றைக் காணக் கருவிகள் இரவும் பகலும் அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. நான் காணத் தவறியதோ நாள்தோறும் இரவு ஒன்பதரைக்கு நிகழ்வது. அதற்கு ஓர் இரவு போதுமாயிருந்தது.

மூன்றாம் நாள் புறப்படும்போது பணம் கொடுத்தேன், அம்மா வாங்கவில்லை. வற்புறுத்தியபின் பேரனின் கையில் சிறிது வைக்க அனுமதித்தார். திரும்பியதும் பயணச் செலவுப் படிவத்தை நிரப்பினேன். விடுதி ரசீது இல்லாததால் தங்கிய செலவு ஏற்கப்படவில்லை. கார் வாடகைக்கும் வாகன நிறுத்தக் கட்டணத்திற்கும் அதே படிவத்தில் தனிப்பத்தி இருக்கிறது. அன்று மாலையே திரும்பிவிடும் ஆய்வாளரை மனத்தில் வைத்துத்தான் அதை வரைந்திருக்கிறார்கள்.

தங்கவயலுக்கு ஆய்வுக்குச் செல்வோர் சென்னையிலிருந்து வந்தால் பங்காரப்பேட்டையில் இறங்கிக் கிளை ரயிலைப் பிடியுங்கள். பெங்களூரிலிருந்து என்றால் மாலை ரயிலில், நெரிசலோடு செல்லுங்கள். ஓர் இரவாவது தங்குங்கள். பயிலரங்கு நடத்துவோர் சுற்றறிக்கையில் ரயில் நேரத்தையும் சேர்த்தால், வாகனமில்லாத மாணவரும் விண்ணப்பிப்பார்.

அந்த வரியை நீக்கிவிட்டேன். அந்த மகனிடம் முறையாக ஒரு பேட்டி கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் முடியும் என்றார். சனிக்கிழமை மாலை ரயிலுக்குச் செல்கிறேன்.