பைப்பின் முதுகு

தாம்பரம் ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் கேம்ப் ரோடு வரை 20 ரூபாய். அங்கிருந்து பத்து நிமிட நடையில் சேலையூரில் அத்தை வீடு. 1985இல் கட்டியது. கீழே அத்தை, மாடியில் குடித்தனம்.

"மாடி பாத்ரூம் பைப்புல ஜாயிண்ட் ஒழுகுதாம். எம்-சீல் வச்சு பெயிண்ட் அடிச்சா போதுங்கிறார் ப்ளம்பர். 1,800 ரூபாயாம்" என்று அத்தை போனில் சொல்லியிருந்தார். இதே வைத்தியம் மூன்று வருஷத்தில் இரண்டு தடவை நடந்தாயிற்று. அதனால்தான் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

பக்கச் சந்து இரண்டரை அடி அகலம். நுழைந்ததுமே வாடை. மொட்டை மாடி வரை ஏறுகிறது நாலு அங்குல வார்ப்பிரும்புக் குழாய். முன்பக்கம் சாம்பல் பெயிண்ட் கோட்டின் மேல் கோட்டாகத் தடித்திருந்தது. ஒழுகுவதாகச் சொன்ன ஜாயிண்ட் என் மார்பு உயரத்தில் இருந்தது. அதைச் சுற்றிக் கையால் தடவினேன், ஈரம் இல்லை. சுவரில் இருந்த கறையோ அந்த ஜாயிண்டுக்கு மூன்று அடி மேலேயே தொடங்கியிருந்தது. பூச்சை விரலால் அழுத்தியதும் ஊறிய ரொட்டி மாதிரி உதிர்ந்தது.

ஸ்பேனரால் குழாயைத் தட்டிக்கொண்டே ஏணியில் ஏறினேன். மேலே 'ணங்' என்றது. கறை இருந்த உயரத்தில் 'டொக்' என்று செத்த சத்தம். குழாய்க்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அங்குலம்தான் இடைவெளி, தலையை விட்டுப் பார்க்க முடியாது. செல்போனை நுழைத்துப் படம் எடுத்தேன். குழாயின் முதுகில் நெடுக ஒரு வெடிப்பு. அதற்குள் மயிர்க்கற்றை போல வேர்கள். சன்ஷேடுக்கு மேலே முளைத்திருந்த அரசங்கன்றின் வேர் அவ்வளவு தூரம் இறங்கியிருந்தது. பெயிண்ட் பிரஷ் போகாத பக்கம் அது. நாற்பது வருஷமாக யாரும் பார்க்காத பக்கம்.

சிட்லபாக்கத்திலிருந்து வேறொரு ப்ளம்பரை வரவழைத்தோம். படத்தைப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூடிரைவரை வெடிப்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். உள்ளே இறங்கியது. "இரும்பு போயிடுச்சு தம்பி, கரிதான் நிக்குது" என்றார். பேச்சுக்குச் சொன்னதல்ல, நிஜமாகவே அப்படித்தான். வார்ப்பிரும்பில் கார்பன் அதிகம். ஈரத்தில் இரும்பு அரித்துக் கரைந்துபோனாலும் பென்சில் கரியான கிராஃபைட் அதே வடிவத்தில் நின்றுவிடும். கண்ணுக்குக் குழாய் முழுசாகவே தெரியும். எம்-சீல் ஒட்டுவதற்கு அங்கே இரும்பே இல்லை.

புதிதாக வார்ப்பிரும்பு போட அவருக்கு மனமில்லை. எடை அதிகம், ஈயம் காய்ச்சி ஊற்றத் தெரிந்த ஆட்களும் அருகிவிட்டார்கள். பி.வி.சி.தான் என்று முடிவாயிற்று. வேளச்சேரி சாலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனோம். கடைப்பையன் 110 மில்லிமீட்டர் குழாயை எடுத்துப் போட்டு, "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றான். குழாயின் மேல் அச்சடித்திருந்ததைப் படித்தேன்: டைப் ஏ. அது மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உரியது. கக்கூஸ் லைனுக்குத் தடிமன் கூடிய டைப் பி வேண்டும். ஐ.எஸ். 13592 முத்திரையையும் பார்த்து வாங்கினோம். பத்தடிக் குழாய் 1,050 ரூபாய், மூன்று தேவைப்பட்டன. பெண்ட், டோர் டீ, கிளாம்பு எல்லாம் சேர்த்து 6,400.

ஞாயிறு காலை சவுக்குச் சாரம் கட்டி உச்சியிலிருந்து ஆரம்பித்தார்கள். கீழே முதலில் அறுத்தால் மேலே உள்ள பாரம் முழுக்க இறங்கிவிடும். உச்சியில் இன்னொன்று அகப்பட்டது. மாடியில் வாடை வருகிறது என்று யாரோ குழாய் வாயை சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். ஃப்ளஷ் தண்ணீர் சரிந்து இறங்கும்போது பின்னால் காற்று வர வழி வேண்டும். மேலே வழியில்லாவிட்டால் பாத்ரூம் தரையில் உள்ள நானி ட்ராப்பில் வாடையைத் தடுத்து நிற்கும் தண்ணீரையே இழுத்துவிடும். அப்புறம் வாடை வீட்டுக்குள்தான் வரும். மாடி வீட்டு அம்மா தினமும் ஊதுவத்தி கொளுத்தியதன் காரணம் அந்த ஒரு கை சிமெண்ட்.

கயிறு கட்டி, கட்டிங் மெஷினில் பாதி அறுத்து, சுத்தியலால் லேசாகத் தட்டினால் மண்பானை போல வட்டமாக விட்டுவிடுகிறது. இறங்கிய முதல் துண்டைக் கையில் வாங்கி உள்ளே பார்த்தேன். நாலு அங்குல வாயில் ஒரு சாத்துக்குடி போகும் அளவுக்குத்தான் வழி. மற்றதெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக அடுக்கடுக்காக உப்பு, நகத்தால் கீறினால் வரவில்லை. போர்வெல் தண்ணீரும் சிறுநீரும் சேர்ந்து கட்டிய கல். ஜாயிண்டில் சணலைத் திணித்து ஈயம் ஊற்றியிருந்தார்கள். அந்தச் சணல் இன்னும் தார் மணத்தோடு நாராகவே இருந்தது. வேலை செய்தவர் கை சுத்தமான கை. ஜாயிண்ட் ஒன்றுகூட ஒழுகவில்லை.

உதிர்ந்த உப்பு குழாயின் அடியிலுள்ள சேம்பரில் விழுந்து அடைத்துக்கொண்டது. ப்ளம்பரோடு வந்த பையன் வெறுங்கையை விடப் போனான். நிறுத்தச் சொல்லி 120 ரூபாய்க்கு ரப்பர் கையுறை வாங்கி வந்தேன். பக்கத்தில் இருந்த செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய லாரிக்கே சொல்லிவிட்டோம். பாதுகாப்பு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அந்தப் பையனை எப்படி இறக்குவது?

ப்ளம்பர் புதுக் குழாயை ரப்பர் வளையத்துக்குள் முழுக்கத் தள்ளி, பென்சிலால் கோடு போட்டு, பத்து மில்லிமீட்டர் பின்னால் இழுத்தார். வெயிலில் நீள இடம் வேண்டுமாம். அடியில் ஒரே மடக்காக மடக்காமல் இரண்டு 45 டிகிரி பெண்ட் வைத்தார். மேல் வாயை அடைக்காமல், காற்றுப் போகும் மூடியான கௌல் மாட்டினார்.

பழைய இரும்பு 94 கிலோ. காயலான் கடையில் கிலோ 30 ரூபாய் வீதம் 2,820 கிடைத்தது. சாரத்துக்கு 1,500, இரண்டு நாள் கூலி 4,400.

மாடியிலிருந்து மூன்று பக்கெட் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றச் சொன்னேன். சேம்பர் பக்கத்தில் குத்துக்காலிட்டுப் பார்த்தேன், தடையில்லாமல் வந்து விழுந்தது. பிறகு செல்போனை மறுபடி குழாயின் பின்னால் நுழைத்தேன். இப்போது என் கையே போகிறது. குழாய் உலர்ந்திருந்தது, சுவர் இன்னும் ஈரம்.

"பூச்சு வேலையை இன்னிக்கே முடிச்சிடலாமா?" என்று அத்தை கேட்டார்.

"ஒரு மாசம் காயட்டும்மா" என்றார் ப்ளம்பர், சாரக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.