சீட்டுப் பணமும் மூன்று விசிலும்

புதிதாக எந்த மெஷின் கடைக்கு வந்தாலும் எனக்குக் கை பரபரக்கும். புடவைக் கடையைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிவிடுவேன். பாத்திரக் கடையில் ஒரு ஒயரும் பிளக்கும் தெரிந்தால் போதும், கால் நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தால் என் பைத்தியத்தின் சரித்திரமே கிடக்கும். பொருட்காட்சியில் வாங்கிய சப்பாத்தி மேக்கரும் அங்கேதான். செய்து காட்டிய பெண்ணிடம் பௌர்ணமி நிலா மாதிரி உப்பியது, என்னிடம் அப்பளமாக வந்தது. மாவை இன்னும் தளரப் பிசைந்திருக்க வேண்டுமாம். அது தெரிவதற்குள் பிள்ளைகள், "பழைய கட்டையிலேயே தேய்ச்சுக் குடும்மா" என்றுவிட்டார்கள்.

எல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். டில்டிங் கிரைண்டர் வந்த பிறகுதான் குனிந்து மாவு அள்ளும் வேலை தீர்ந்து என் இடுப்பு வலி குறைந்தது. அந்தத் தைரியத்தில்தான், சீட்டுப் பணம் ஐம்பதாயிரம் கைக்கு வந்ததும், வீட்டைத் தானே கூட்டித் துடைக்கும் ரோபோ வாங்குவது என்று முடிவு கட்டினேன். வட்டமாகத் தாம்பாளம் போல இருக்குமே, அதுதான். கட்டிலுக்கு அடியில் நுழையுமா என்று ஸ்கேல் வைத்து அளந்தும் ஆயிற்று.

அந்த வாரம் பார்த்துக் குக்கர் கதை நடந்தது. "அத்தை, மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குத் துணி உலர்த்தப் போனேன். பக்கத்து மாடியில் பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது, ஒளிப்பானேன்? இறங்கும்போதே தீய்ந்த நாற்றம். தண்ணீர் வற்றிப் பருப்பு கரியாகிக் கிடக்கிறது. அத்தையோ சமையலறை வாசலுக்கு நேரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். ஜலதோஷத்தில் அவருக்கு வாசனையும் தெரியவில்லை. "ஒரு விசில்கூட வரலையேம்மா!" என்றார். நான் கத்திவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு முன்பே எனக்கு மனத்தாங்கல் உண்டு. மகன் கூப்பிட்டால் "என்னப்பா?" என்று உடனே திரும்புவார். நான் கூப்பிட்டால் அசையமாட்டார். வேண்டுமென்றே செய்கிறார் என்று என் தங்கையிடம்கூடப் புலம்பியிருக்கிறேன்.

காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். முதலில் ஒரு காதிலிருந்த அழுக்கை எடுத்தார்கள். பிறகு சத்தம் புகாத சிறு அறையில் உட்கார வைத்து, ஒலியைக் கூட்டிக் குறைத்துச் சோதித்தார்கள். வயதானவர்களுக்குப் பொதுவாகக் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் தேய்ந்து போகுமாம். ஆண்களின் கனத்த குரல் ஓரளவு காதில் விழும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் மங்கிவிடும், குக்கர் விசிலும் அப்படித்தான். சத்தம் கேட்டாலும் 'ச', 'த' போன்ற எழுத்துக்கள் பிடிபடாமல் வார்த்தை குழம்பிவிடும். டாக்டர் சொல்லச் சொல்ல, நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காது மெஷின் கடையில் மறுபடி என் கை பரபரத்தது. செல்போனோடு இணைவது, பாட்டுக் கேட்பது என்று தினுசு தினுசாக இருந்தது. அத்தையிடம் இருப்பதோ பட்டன் போன். அதை மனசில்லாமல் ஒதுக்கினேன். பேட்டரி போடும் சாதா ரகம் விலை சரசமாக இருந்தது. "நீங்களே மாட்டிப் பாருங்க அத்தை" என்று கொடுத்தேன். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது அந்த பேட்டரி. மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்தால்தான் காற்றுப் பட்டு வேலை செய்யும். உரித்துவிட்டால், சும்மா கிடந்தாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். மூட்டு வலி விரல்களிலிருந்து அது இரண்டு தடவை நழுவி விழுந்தது. எங்கள் வீட்டுக்கோ நாத்தனாரின் இரண்டு வயதுக் குழந்தை அடிக்கடி வரும். (கைக்குழந்தை உள்ளவர்கள் கவனியுங்கள்: இந்தப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் உணவுக்குழாயே புண்ணாகிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.) அதனால் ராத்திரி பெட்டியில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் ரகத்தை எடுத்தோம். இரண்டு காதுக்கும் சேர்த்து என் சீட்டுப் பணம் முழுக்கப் போய், மேலே இவரும் ஆறாயிரம் போட்டார்.

முதல் வாரம், "தலைக்குள்ள ஃபேன் ஓடுது" என்று கழற்றிக் கழற்றி வைத்துவிட்டார். இதுவும் பரணுக்குத்தானா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. கடைக்காரர் சொன்னபடி, வீடு அமைதியாக இருக்கும் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் போடச் சொன்னேன். பிறகு டி.வி. பார்க்கும்போது, பிறகு கோயிலில் என்று கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டினோம். நானும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதை விட்டு, எதிரில் வந்து நிதானமாகப் பேசப் பழகினேன். படிய ஒன்றரை மாதம் ஆயிற்று.

"ஏம்மா, நீ பாத்திரத்தை இவ்வளவு சத்தமாவா போடுவே?" என்றார் ஒரு நாள். என்ன சொல்ல!

வீடு கூட்டுவது இன்னும் துடைப்பத்தால்தான். குக்கர் பொறுப்பை மட்டும் அத்தை திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டார். ஒரே ஒரு சங்கடம், பக்கத்து வீட்டுக் குக்கரையும் சேர்த்து எண்ணிவிடுகிறார். நேற்றும் பருப்பு வேகவில்லை.