உன்னிச்சையில் மூன்று நாட்கள்

மட்டக்களப்பு நாட்டை நெடுக இரண்டாக வகுப்பது வாவி. கதிரவன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அவன் படும் மேற்குப்பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் வீடுகளும் சந்தைகளும் பள்ளிகளும் நெருங்கி நிற்கின்றன. படுவான்கரையிலோ வயலும் குளமும் காடுமாக நிலம் விரிந்து செல்கிறது. வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகத் தென்மேற்கே செல்பவர் வந்து சேருமிடம் உன்னிச்சை.

உன்னிச்சைக்குப் பெருமை அதன் குளம். குளம் என்றதும் கோயில் வாசலில் படித்துறையுடன் இருக்கும் சிறு நீர்நிலையை எண்ணிவிடலாகாது. ஒருபுறம் நீண்ட மண்கட்டு. மறுபுறம் காட்டோரம்வரை பரந்த நீர்ப்பரப்பு. நடுவே பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்துகின்றன. இக்குளத்து நீர் படுவான்கரை வயல்களுக்குப் பாய்கிறது. அதுமட்டுமன்று, வவுணதீவிலுள்ள நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகரத்தாரின் குடிநீராகவும் செல்கிறது. நகரில் குழாயைத் திறந்து முகம் கழுவுவோர் உன்னிச்சையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நன்றி மறவாத செயலாகும்.

ஈழத்துப் பேச்சில் 'வான்' என்னும் சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. ஆகாயமும் வான், குளம் நிரம்பி வழியும் வாயிலும் வான், நால்வரும் ஐவரும் ஏறிச் செல்லும் மோட்டார் வண்டியும் வான். தை மாதத்தில் நாம் குடும்பத்துடன் உன்னிச்சைக்குச் சென்றபோது இம்மூன்றும் ஒன்றுகூடின. வானத்து மழை பெய்து குளத்து வானில் வழிந்தோடிய அதே இரவில், நம்முடைய வானுக்குள்ளும் நீர் புகுந்தது!

நம்முடைய வண்டி சாதாரண வண்டியன்று. பழைய வான் ஒன்றின் ஆசனங்களை அகற்றி, படுக்கை, சமையல் அடுப்பு, நீர்த்தொட்டி, புத்தகத் தட்டு ஆகியவற்றை அமைத்துக்கொண்ட மோட்டார் வீடு. அதன் பக்கச் சுவரில் இரண்டடி அகலமுள்ள கண்ணாடி யன்னல் ஒன்று பசையினால் ஒட்டப்பட்டிருக்கிறது. அறிமுகமான விவசாயி ஒருவரின் வளவில் வண்டியை நிறுத்தி உறங்கினோம். நள்ளிரவில் இளைய பிள்ளை எழுந்து, தலையணை நனைந்திருப்பதாகச் சொன்னான்.

நனைந்த தலையணையை வெயிலில் போட்டால் உலர்ந்துவிடும். ஆனால் யன்னலின் வழியே புகும் நீர் தலையணையோடு நிற்பதில்லை. உட்சுவரின் பலகைக்குப் பின்னால் இறங்கி மரத்தை உளுக்கச் செய்யும், இரும்பைத் துருவாக்கும், மின்கம்பிகளின் இணைப்புகளைக் கெடுக்கும். வெளியே தெரியும்போது பாதி வண்டி வீணாகியிருக்கும். ஆகவே மறுநாளே இதனைச் சீர்செய்வது என்று தீர்மானித்தோம்.

ஈரம் தென்பட்டது யன்னலின் கீழ்மூலையில். அங்கேயே பசையைப் பூசிவிடலாமென்றுதான் எவருக்கும் தோன்றும். வளவின் உரிமையாளர் சிரித்தார். "தண்ணி தெரியிற இடத்தில ஓட்டை இருக்கிறல்ல மனே. குளக்கட்டடியில ஊத்துத் தெரிஞ்சா, மறுகா நாங்க மேல போய்த்தான் தேடுவம்" என்றார். அவர் சொல் எவ்வளவு உண்மை என்பது சிறிது நேரத்தில் விளங்கியது.

மூத்த பிள்ளை கைவிளக்குடன் உள்ளே அமர்ந்துகொண்டான். நாம் வெளியே நின்று பூவாளியால் நீர் ஊற்றினோம். இதில் ஒரு முறை இருக்கிறது. முதலில் கீழ்விளிம்பு, பின்னர் பக்கங்கள், இறுதியாக மேல்விளிம்பு என்று ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்கள் ஊற்றவேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கும் வழிந்து, எவ்விடத்தில் புகுந்தது என்பது தெரியாமற் போகும். கீழ்விளிம்பில் ஒன்றுமில்லை, பக்கங்களிலும் இல்லை. மேல் இடது மூலையை அடைந்ததும் உள்ளேயிருந்து "வருகிறது!" என்ற குரல் எழுந்தது. நீர் மேலே நுழைந்து, பலகைக்குப் பின்னால் ஓடி, கீழே வெளிப்பட்டிருக்கிறது.

அம்மூலையில் முன்பொருமுறை ஒரு பட்டறையில் சிலிக்கோன் பசையை மேலாகப் பூசியிருந்தார்கள். பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அடியிலிருந்த பழைய பசை, துருப்பிடித்த இரும்பைவிட்டு ஏற்கெனவே விலகியிருந்தது. மேற்பூச்சு அந்த விலகலை மறைத்ததேயன்றி மாற்றவில்லை. உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கி, துருவை மேலும் வளர்த்தது. சிலிக்கோன் பூசிய பரப்பில் வேறு பசை எளிதில் பற்றாது என்பது இன்னொரு தொல்லை. ஆகவே கண்ணாடியை முழுவதும் கழற்றி, முதலிலிருந்து ஒட்டுவதே வழியெனக் கண்டோம்.

முற்கால மோட்டார் வண்டிகளில் இறப்பர் வளையம் ஒன்றே கண்ணாடியைப் பிடித்து நிற்கும். இக்காலத்து வண்டிகளில் பெரும்பாலும் பொலியுரேத்தேன் பசையே அந்த வேலையைச் செய்கிறது. ஜெர்மானிய இரசாயன அறிஞர் ஒட்டோ பேயரும் அவருடைய குழுவினரும் 1937இல் கண்டறிந்த பொருள் வகையிலிருந்து வந்தது இது. உலர்ந்த பின்னும் இறப்பரைப்போல நெகிழ்வதே இதன் சிறப்பு. வெயிலில் இரும்பு ஓர் அளவு விரியும். கண்ணாடி வேறோர் அளவு விரியும். வண்டி குழியில் இறங்கினால் சட்டம் முறுகும். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, இரண்டுக்கும் விட்டுக்கொடுத்து, இரண்டையும் விடாமற் பிடிப்பது இப்பசை.

முதல் நாள் காலையில் பஸ்ஸில் மட்டக்களப்பு நகருக்குச் சென்று வேண்டிய பொருட்களை வாங்கிவந்தோம். பிற்பகலில் பழைய பசையை அறுத்தோம். மெல்லிய உருக்குக் கம்பியைப் பசையினூடே செலுத்தி, உள்ளே ஒருவரும் வெளியே ஒருவருமாக இரம்பம் இழுப்பதுபோல் மாறிமாறி இழுக்கவேண்டும். கைக்கு உறையும் கண்ணுக்குக் காப்பும் இன்றியமையாதவை. கண்ணாடி கழன்று வந்தபோது அம்மூலையின் நிலைமை கண்கூடாயிற்று: விரலளவு நீளத்துக்குச் செந்துரு!

இரண்டாம் நாள் காலை அத்துருவைக் கம்பித் தூரிகையாலும் உரசுதாளாலும் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை போக்கினோம். சட்டத்தில் உறுதியாகப் பற்றியிருந்த பழைய பசையை முற்றாகச் சுரண்டவில்லை. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவி விட்டுவைத்தோம். புதிய பொலியுரேத்தேன், நல்ல நிலையிலுள்ள பழைய பொலியுரேத்தேனை நன்றாகப் பற்றும். சிலிக்கோன் இருந்த இடத்தை மட்டும் எள்ளளவும் மிச்சமின்றி நீக்கினோம். பின்னர் மதுசாரத்தால் துடைத்து, வெறும் இரும்பின்மேலும் கண்ணாடியின் விளிம்பிலும் அவற்றுக்குரிய அடிப்பூச்சைப் பூசி, உறையில் குறித்த நேரம்வரை காத்திருந்தோம். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்புக் கரையொன்று இருப்பதைப் பலர் அலங்காரம் என்று எண்ணுவர். வெயிலின் புறஊதாக் கதிர் பசையைத் தின்றுவிடாமற் காக்கும் குடை அது.

இங்கே ஒரு விலக்கையும் சொல்லவேண்டும். மோட்டார் வீடுகள் சிலவற்றில் யன்னல் கண்ணாடியாக இராமல் அக்ரிலிக் பிளாஸ்ரிக்காக இருக்கும். அதன்மேல் பெற்றோலோ தின்னரோ பட்டால் மயிரிழைபோன்ற வெடிப்புகள் தோன்றும். அதற்கேற்ற பசையும் சுத்தம் செய்யும் திரவமும் வேறு. தம் யன்னல் எவ்வகையென்று அறியாமல் எதனையும் தொடக்கூடாது.

பசைக் குழாயின் முனையை ஆங்கில 'வீ' எழுத்துப்போல வெட்டினால், பசை கூம்பிய வரம்பாக எழுந்து நிற்கும். சட்டத்தைச் சுற்றி இடைவெளியின்றி ஒரே மூச்சில் அவ்வரம்பை இட்டோம். மேற்பரப்பு ஆடை கட்டுவதற்கு முன் கண்ணாடியை வைத்து மெல்ல அழுத்தினோம். முழுவதும் அழுத்திப் பசையை நசுக்கிவிட்டால் நெகிழ இடமிராது. ஆகையால் சிறு இறப்பர்த் துண்டுகளை இடையில் வைத்து, தடிப்பைக் காத்தோம். நாடாவினால் இழுத்துக் கட்டினோம். வண்டியின் கதவை அடித்துச் சாத்தக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொன்னோம். உள்ளே அடைபடும் காற்று புதிய பசையைத் தள்ளிவிடும்.

பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே இறுகுகிறது; ஒரு நாளில் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் ஆழம். காத்திருக்கும் நேரத்தில் குளக்கட்டுக்கு நடந்தோம். நண்பர் துருசைக் காட்டி, மாரிக்கு முன்னும் பின்னும் தாம் முதலில் பார்ப்பது அதனைச் சுற்றியுள்ள மண்ணையே என்றார். மண்கட்டு தனித்து நிற்குமிடத்தில் பயம் குறைவு. மண்ணும் கொங்கிறீற்றும் சந்திக்கும் இடத்திலேயே நீர் வழி தேடும். கட்டு உடைந்தால் என்ன நேருமென்பதைக் கிழக்கிலங்கை அறியும்: 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நம்முடைய யன்னலிலும் கசிந்த இடம் கண்ணாடியுமன்று, இரும்புமன்று, இரண்டும் சேருமிடமே.

இக்கலை நம்மவர்க்குப் புதியதன்று. பலகைத் தோணிகளின் சந்துகளில் பஞ்சைத் திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி அடைப்பதற்குக் 'கலப்பற்று' என்று பெயர். அதிலும் பழைய பஞ்சைத் தோண்டியெடுத்து, பலகையை உலர்த்திய பின்பே புதியதைத் திணிப்பார்கள். ஈரத்தின்மேல் பூசிய குங்கிலியம் நிலைப்பதில்லை.

மூன்றாம் நாள் மாலை பூவாளிச் சோதனையை மீண்டும் செய்தோம். உள்ளே ஒரு துளியும் வரவில்லை. அன்றிரவு படுவான்கரை மழை தன் சோதனையையும் நடத்திவைத்தது. தலையணை உலர்ந்தே இருந்தது.

நேயர்கள் இரண்டு விடயங்களை மனத்திற் கொள்ளவேண்டும். முன்பக்கக் கண்ணாடி விபத்தில் உயிர்காக்கும் உறுப்பாதலால் அதனைப் பயிற்சி பெற்றவரிடமே ஒப்படைக்கவேண்டும். வீட்டில் முயல்வது பக்க யன்னலுடன் நிற்கட்டும். மற்றையது, மாரி தொடங்குமுன் புரட்டாதியில் ஒருநாள் வண்டியின் சந்துகள் அனைத்தையும் விரலால் தடவிப் பார்ப்பது. உன்னிச்சையில் குளக்கட்டைச் சுற்றி வருவோரும் அதனையே செய்கிறார்கள்.